லுத்ஃபுன் நாஹர் சாரின் காது

ஆறு மாதம் வயலாகவும் ஆறு மாதம் கடலாகவும் இருக்கிற ஊர் ஒன்று வங்கதேசத்தின் வடகிழக்கு மூலையில் உண்டு. பாலிகந்தா என்று பெயர். நெல் விதைத்த அதே இடத்தில் மீன் பிடிக்கிற, மாடு ஓட்டிப்போன வழியிலேயே படகில் திரும்பி வருகிற அந்த ஜனங்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு பயம்தான். பங்குனிக் கடைசியில் மலைத் தண்ணீர் இறங்கி வருவதற்குள் கதிர் முற்றிவிட வேண்டும், அது முற்றுகிற வரைக்கும் வயலைச் சுற்றியிருக்கிற மண்கரை தாக்குப்பிடிக்க வேண்டும். கரை நின்றால் வருஷம் முழுக்கச் சோறு. கரை போனால் எல்லாம் போச்சு.

அந்த வட்டாரத்துக்கு நிர்வாக அதிகாரியாக லுத்ஃபுன் நாஹர் வந்து சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. கூடவே கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற கணவர் ஆஃப்தாப், நாலு வயது மகள் துலி, இரண்டு டிரங்குப் பெட்டி. அந்த நாட்டில் அதிகாரி என்றால் சார்தான். மீசை இருந்தாலும் சார், கொண்டை இருந்தாலும் சார். ஆனால் பாலிகந்தாவுக்குப் பெண் அதிகாரி புதுசு. ஊர்க்காரர்கள் அவளை அபா என்றார்கள். அபா என்றால் அக்கா. பாசமாகத்தான் சொன்னார்கள், அக்காவுக்கு யாரும் பயப்படுவதில்லை, அக்கா சொன்னதை யாரும் செய்வதும் இல்லை என்பது மட்டும்தான் அதிலிருந்த சிக்கல்.

கரை வேலையை எடுத்திருந்தவர் மோக்லெஸ் மியா என்கிற காண்ட்ராக்டர். களிமண் போட வேண்டிய இடத்தில் ஆற்றுமணலைக் கொட்டி, மேலே புல்லை ஒட்டவைத்து, தூரத்தில் நின்று பார்த்தால் கரை மாதிரி தெரியும்படி செய்து வைத்திருந்தார். நாஹர் போய்க் குடையை ஊன்றிப் பார்த்தாள். குடை கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது.

"மியா, இது கரையா, மாவுக் குவியலா?"

"அபா, இந்த வெயில்ல நீங்க ஏன் அலையறீங்க? நீங்க என் தங்கச்சி மாதிரி. வீட்டுக்குப் போய் ஒரு டீ குடிங்க. அண்ணன் நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றார் மோக்லெஸ் மியா.

கூட்டம் சிரித்தது. யாருடைய நெல் முழுகப் போகிறதோ அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வடக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் குடையைப் பிடுங்கி எடுத்து, மணலை உதறிவிட்டு, கூட்டம் மொத்தமும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு அண்ணன் யாரும் கிடையாது, மோக்லெஸ் மியா. சார்னு சொல்லுங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு போலீஸ்காரர்களைப் பார்த்தார். பிறகு "சார்" என்றார். அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் அவருடைய முதுகு தானாகவே கொஞ்சம் வளைந்தது. அதைப் பார்த்த கூட்டமும் சார் என்றது. சார் என்று சொன்ன பிறகு சும்மா நிற்க முடியாது இல்லையா, படகு படகாகக் களிமண் வந்தது, ஆணும் பெண்ணும் சாக்கில் அள்ளிப் போட்டு மிதித்தார்கள், மலைத் தண்ணீர் வந்து கரையை முட்டிப் பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனது. அந்த வருஷத்து நெல் ஒரு மணி குறையாமல் வீடு வந்து சேர்ந்தது. இதுவரை அவள் என்று எழுதிவந்த எனக்கும் இனி அப்படி எழுதக் கை வரவில்லை. அவர் என்றே எழுதுகிறேன்.

சார் என்று சொல்லச் சொன்ன அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆஃப்தாப் எதிரே வந்து வாயை அசைத்தார். சத்தம் இல்லை. தவளை கத்துவது கேட்டது, தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது, சமையல்காரியோடு துலி வம்பளப்பதும் கேட்டது. துலி அம்மாவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தண்ணீரில் காலடி சளப் சளப்பென்று கேட்டது. கையை நீட்டி ஏதோ சொன்னாள், அது கேட்கவில்லை. அம்மா பதில் சொல்லாததால் அழ ஆரம்பித்தாள். அழுகை நன்றாகவே கேட்டது. நடுநடுவே மா என்ற சொல் வருகிற இடங்களில் மட்டும் அறுந்து அறுந்து கேட்டது.

ஆஃப்தாப் இயற்பியல்காரர் ஆயிற்றே, சோதனை செய்யாமல் விடுவாரா? வீட்டில் அவர் மனைவியைக் கூப்பிடுகிற செல்லப்பெயர் ஜூயி. ஜூயி என்று கத்திப் பார்த்தார், காதுக்குள் முணுமுணுத்துப் பார்த்தார், மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலை வைத்தும் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் பாதிச் சிரிப்போடு "சார்" என்றார்.

"என்ன?" என்று திரும்பினார் நாஹர்.

நாஹரை நோக்கிச் சொல்லப்படுகிற எதுவும், சார் என்று தொடங்கினால் ஒழிய, அவர் காதுக்குள் போகாது என்பது இப்படித்தான் தெரிந்தது. மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவது கேட்கும். அவரிடம் பேசினால்தான் தொல்லை. மசூதியில் பாங்கு சொல்வது மட்டும் எப்படிக் கேட்கிறது என்று யாரோ இடக்காகக் கேட்டதற்கு, அது உங்களையும் என்னையும் சேர்த்துக் கூப்பிடுவது, அவரை மட்டும் இல்லையே என்று இமாம் விளக்கம் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஊர் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷத்தில் பாதி நாள் வயலே கடலாகிற ஊரில் ஒரு காது இப்படி ஆவதில் என்ன அதிசயம்? ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மூட்டுவலி, அதிகாரிக்குச் சார். மீன்காரி வாசலில் நின்று "சார், கெளுத்தி சார், உயிரோட இருக்கு சார்" என்றாள். தலைவாரிவிட வந்த பக்கத்து வீட்டுக்காரி "சார், கொஞ்சம் தலையைக் குனிங்க" என்றாள். ஈத் பண்டிகைக்கு வந்த சொந்த அக்கா வாசற்படியிலேயே "சார், நான்தான் உங்க அக்கா" என்று அழுதாள், பிறகு பழகிப்போய், சார் போட்டே தங்கையைத் திட்டவும் கற்றுக்கொண்டாள். அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒத்திகை நடத்தினார். அப்படியும் சிலருக்கு வாய் பழகவில்லை. ஏழைப் பெண்கள் தங்களுக்குப் படியளக்கிறவளை மா என்று கூப்பிட்டே வளர்ந்தவர்கள். உள்ளே போய் "மா, என் வீடு இடிஞ்சு போச்சு மா" என்று முழுக் கதையையும் சொல்லி அழுதுவிட்டு, எதிரே இருப்பவர் அமைதியாகப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். வாசலில் நிற்கிற பியூன் அவர்களை மறித்து, "சார்னு சொல்லும்மா, சார்னு சொல்லு" என்று மறுபடி உள்ளே தள்ளுவான். எல்லோரும் மறுபடி உள்ளே போனார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

வீட்டில்தான் ஒன்று நடந்தது. சார் என்று சொன்ன வாயில் அடுத்ததாக 'வா' என்று வருவதில்லை. ஆஃப்தாபும் முயன்று பார்த்தார். "சார், சாப்பிட..." என்று தொடங்கினால் 'வாங்க' என்றுதான் முடிந்தது. அப்படியே நீ என்பது நீங்க ஆனது, கேலி மரியாதையானது, கட்டிலில்கூட அவர் சற்று ஓரமாகப் படுக்கத் தொடங்கினார். துலி மட்டும் குழந்தையாக இருந்ததால் சுலபமாகப் பிடித்துக்கொண்டாள். "சார் மா, எனக்குக் கதை சொல்லு. சார் மா, பல்லு ஆடுது பாரு" என்பாள். சார் என்பது தன் அம்மாவுக்கு முன்னால் திறக்க வேண்டிய கதவின் பெயர் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

நாஹர் மளமளவென்று உயர்ந்தார். வட்டாரத்திலிருந்து மாவட்டம், அங்கே துணை, பிறகு மாவட்டத்துக்கே தலைமை. அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட சக அதிகாரிகள் சிலருக்கும் அதே காது வந்தது. அதாவது வந்ததாக நடித்தார்கள். சம்பள உயர்வு அறிவிப்பை ஒருவன் சார் போடாமல் வாசித்தபோது அத்தனை பேருக்கும் தெளிவாகக் கேட்டுவிட்டதால் குட்டு உடைந்தது. நாஹருக்கு வந்தது அசல். அந்த அசல் அவருக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? கெஞ்சல் காதில் விழாது, அசட்டுச் சிரிப்பு விழாது, 'நீங்க பொம்பளை' என்று தொடங்குகிற எந்தப் பேச்சும் விழாது. எத்தனையோ கரைகள் அதனால் நின்றன.

நாஹரின் அப்பா மைமன்சிங்கில் காலமெல்லாம் தலைமையாசிரியராக இருந்தவர். அந்த ஊரில் சார் என்றால் அவர் ஒருவர்தான். ரிக்‌ஷாக்காரர் முதல் நீதிபதி வரைக்கும் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள். அவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்து, நாஹர் கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு, அரசாங்க ஜீப்பில் கொடியோடு போய் இறங்கினார். கிழவர் கண்ணைத் திறந்து, "ஜூயி" என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மறுபடியும் ஜூயி என்றார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். நாஹரின் அக்கா குனிந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். ஊருக்கே சாராக இருந்த அந்த மனிதர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வகுப்பில் எழுந்து நிற்கிற பையன் மாதிரி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னார்.

"சார், கொஞ்சம் தண்ணி குடுங்க."

நாஹர் கொடுத்தார். பாதி கழுத்தில் வழிந்தது. அப்பா கடைசியாகப் பேசியது அதுதான்.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த துலிக்கு அப்போது ஒன்பது வயது. அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற வழியில், ஜீப்பில், அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "சார் மா, இனிமே நான் உன்னை அப்படிக் கூப்பிட மாட்டேன். உனக்குக் கேக்கலைன்னா பரவால்ல."

சொன்னபடியே செய்தாள். அவளுடைய பிடிவாதம் யாருடைய பிடிவாதம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பாவோடு துலி பேசுவது நாஹருக்குக் கேட்கும், குளியலறையில் பாடுவது கேட்கும், போனில் தோழிகளோடு சிரிப்பது கேட்கும். அம்மா பக்கம் முகம் திரும்பியதும் விளக்கை அணைத்தது மாதிரி குரல் அணைந்துவிடும். வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டுவாள், பெரியவளானதும் போனில் அனுப்பினாள். அதில் குறையில்லை. ஆனால் தன்னைப் பார்த்துப் பேசும்போது தன் மகளின் குரல் எப்படி இருக்கும் என்பது, அந்தக் குரல் குழந்தைக் குரலிலிருந்து மாறிய பிறகு, நாஹருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஏக்கம் அவரை அரித்துத் தின்றது. பக்கத்து அறையில் அவள் பேசும்போதெல்லாம் கதவோரம் போய் நின்று, அந்தக் குரலில் ஒரு மா-வைத் தானே மனசுக்குள் ஒட்டவைத்துப் பார்ப்பார். ஒட்டாது.

டாக்காவில் பெரிய டாக்டர் ஒருவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "சார், காது பழுதில்லை. வேலையை விட்டா சரியாகலாம்" என்றார். நாஹர் வேலையை விடத்தான் நினைத்தார். ராஜினாமா எழுத உட்காருகிறபோதெல்லாம் எங்கோ ஒரு கரை உடைந்தது, எங்கோ ஒரு புயல் வந்தது, அல்லது பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்தது. புயலைக் காரணமாகச் சொன்னார், பட்டியலைச் சொல்லவில்லை. மகளிடம் ஒருமுறை, "இந்த ஒரு பதவி மட்டும்" என்றார். துலி பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவரை சார் என்று கூப்பிட மாட்டார்கள். ஆகவே மேலதிகாரிகள் சொன்ன ஒரு வார்த்தைகூட இத்தனை வருஷமும் நாஹர் காதில் விழுந்ததில்லை. உதடு நின்றதும் "சரி சார்" என்பார். எழுத்தில் வருகிறதைப் படித்து, தனக்கு நியாயம் என்று பட்டதைச் செய்வார். இவ்வளவு பணிவான அதிகாரியை நாங்கள் பார்த்ததே இல்லை என்று ஒவ்வொருவரும் அவரைப் பற்றி நல்லபடியாக எழுதிவைத்தார்கள். அப்படித்தான் அவர் செயலகத்தில் கூடுதல் செயலாளர் வரைக்கும் போனார்.

அங்கேதான் மாட்டினார். எழுத்தில் வைக்க முடியாத ஒரு விஷயத்தை ஒரு அமைச்சர் அவரைக் கூப்பிட்டு வாயால் சொன்னார்: தன் மைத்துனனுக்கு ஒரு கரை வேலையைக் கொடுக்க வேண்டும் என்று. நாஹர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி சார்" என்று வணங்கி வெளியே வந்தார். போய், மைத்துனன் காட்டிய மண் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மணல். நிராகரித்துவிட்டார்.

"அந்தம்மா நான் சொன்னதைக் கேக்கலை!" என்று அமைச்சர் குதித்தார்.

உண்மைதான். கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டு நாளில் உத்தரவு வந்தது: லுத்ஃபுன் நாஹர், தனிப்பணி அதிகாரி.

பெயரைக் கேட்டால் ஏதோ ரகசிய வேலை மாதிரி இருக்கும். வேலை கிடையாது என்பதுதான் அந்த வேலை. சம்பளம் உண்டு, பதவியின் பெயர் உண்டு. அறை கிடையாது, பியூன் கிடையாது, கையெழுத்துப் போட ஒரு தாள் கிடையாது. வரவில்லையென்றால் குற்றம், வந்தால் உட்கார இடமில்லை. செயலக நூலகத்தின் ஓரத்தில், பழைய அரசிதழ்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. காலையில் வந்து அதில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்து போனார். நேற்று வரைக்கும் சார் சார் என்று பின்னால் ஓடியவர்கள், ஓட வேண்டிய தேவை தீர்ந்துபோனதால், நாக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு 'நல்லா இருக்கீங்களா அபா' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, "பாத்தியா, இன்னும் திமிர் அடங்கலை" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அது கேட்டது. அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் கேட்டது, அவரிடம் சொல்வது ஒன்றும் கேட்கவில்லை. பணிக்காலம் முடிய இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

வீட்டிலாவது ஒரு குரல் இருந்தது. அதையும் ஆஃப்தாப் நிறுத்திக்கொண்டார். கோபத்தால் அல்ல, சந்தோஷத்தால். உத்தரவு வந்த அன்று அவர் ஒரு தாளில் பெரிதாக எழுதி நீட்டினார்: 'எல்லாம் முடிந்தது. நீ இனி சார் இல்லை. நான் இனி அந்தச் சொல்லைச் சொல்லப் போவதில்லை. நீ என் ஜூயி. காது தானாகத் திறக்கும்.' தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஜூயி என்றார், அடுத்த நாளும் ஜூயி என்றார். திறக்கவில்லை. நாஹர் ஒரு தாளில், 'ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், இந்த நிசப்தம் தாங்கவில்லை' என்று எழுதிக் காட்டியபோதும் அவர் கண்ணீரோடு தலையாட்டி மறுத்துவிட்டு, ஜூயி என்றார். அன்பு பிடித்த பிடிவாதத்தை என்ன சொல்லித் திட்டுவது? மருந்தை நிறுத்தினால்தான் நோய் தீரும் என்று நம்பிவிட்டார்.

ஆக, யாரும் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்வதும்கூட நாஹருக்குக் கேட்கவில்லை. அதுவும் அவரை நோக்கிச் சொல்லப்படுவதுதானே. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அவர் அதைச் செய்ய ஆரம்பித்தார்.

துலி இப்போது சிட்டகாங்கில் பல் டாக்டர். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அப்பா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கதவு திறந்தே கிடந்தது. தோளில் பையோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். நாஹர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றிருந்தார்.

"சார், பால் பொங்கப் போகுது" என்றார்.

"ம், பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று அவரே பதிலும் சொன்னார்.

"சார், வெயில் ஜாஸ்தியா இருக்கு இன்னைக்கு."

பை துலியின் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நாஹர் திரும்பினார். மகளின் முகத்தைப் பார்த்தார். ஜீப்பில் சேலையைப் பிடித்து இழுத்த நாளிலிருந்து அந்த முகம் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று அதிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. துலி இரண்டடி முன்னால் வந்தாள். பற்கள் லேசாக விலகின, நாக்கு மேலே எழுந்தது. ஆயிரமாயிரம் வாய்கள் அந்தச் சொல்லுக்குத் தயாராவதைப் பார்த்த கண்கள் நாஹருடையவை. இந்த வாய் எதற்குத் தயாராகிறது என்று அவருக்குத் தெரியாமல் போகுமா? இத்தனை காலம் கதவோரம் நின்று ஏங்கிய குரல் இதோ தன் பக்கம் திரும்பி வரப்போகிறது. அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், அசையாமல் நின்றால் போதும். மாவோ பாலோ ஒட்டியிருந்த கையைச் சேலையில் துடைத்தார். மைமன்சிங் வீட்டுக் கட்டிலில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு படுத்திருந்த அப்பாவின் வாய் நினைவுக்கு வந்தது. பாய்ந்து போய் மகளின் வாயைப் பொத்தினார்.

"வேண்டாம்" என்றார். "நீ சொல்லாதே. நீ மட்டும் சொல்லாதே."

துலி கையை விலக்கப் பார்த்தாள். நாஹர் விடவில்லை, முழு பலத்தோடு அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் துலி இழுப்பதை விட்டுவிட்டாள். அவள் கண்ணிலிருந்து வழிந்தது நாஹரின் விரல்களில் இறங்கியது. பிறகு உள்ளங்கைக்கு அடியில் இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடி, பிரிந்தன. சார் என்று சொல்ல உதடு சேர வேண்டியதில்லை. மறுபடி சேர்ந்தன, பிரிந்தன. மறுபடியும்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகுகிற சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. நாஹர் கையை எடுக்கவில்லை.